சீராகப் போன குப்பை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி மேற்கே திரும்பினால், மலையடிவாரத்தில் மேலச்சுனைப்பட்டி. பேரூராட்சி என்று போர்டு இருக்கும். பேரில்தான் பெரிசு எல்லாம். ஆபீஸில் செயல் அலுவலர் ஒருத்தர், ஊர் வாயில் அவர் ஈ.ஓ. இரண்டு கிளார்க்குகள், ஓர் ஓட்டை டிராக்டர், தெருக்கூட்டும் பெண்கள் கொஞ்சம் பேர், அவர்களைக் கட்டி மேய்க்க ஒரு மேஸ்திரி. அந்த மேஸ்திரிதான் உக்கிரபாண்டி.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வேலையில் புலி. ஐப்பசி மழை விட்டதும் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பூவரசு மரங்களில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பிள்ளைகள் மேலெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி அழும். உக்கிரபாண்டி மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, பந்தம் கொளுத்தி மரம் மரமாக ஏறி இறங்குவார். சாலையோரத்துப் புளியமரங்களில் கரையான் ஏறினால் புற்றை இடித்து அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார். சாக்கடை அடைத்தாலும் அவர்தான், குழாய் உடைந்தாலும் அவர்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வாசலில் குப்பையைக் கொட்டுகிறவர்கள் அவர் தலையைக் கண்டால் கூடையோடு உள்ளே ஓடிவிடுவார்கள்.

அவருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்கு. ஊர்க் குப்பையெல்லாம் அங்கே நீளக் குழிகளில் கொட்டி, மண் போட்டு மூடி, மக்கவிட்டு, பிறகு வெட்டி விற்பார்கள். கரும்புக்காரரும் நெல்லுக்காரரும் வண்டி கட்டி வந்து வாங்குவார்கள். "என் கிடங்குக் குப்பை" என்றுதான் சொல்வார், ஏதோ பாட்டன் சொத்து மாதிரி.

அவருக்கு ஒரே தங்கை, வெள்ளத்தாய். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்குப் பிறந்தவீடு என்றால் அண்ணன்தான். அதே ஊரில் முத்துவீரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. முத்துவீரன் பட்டாளத்தில் இருந்தான். லீவுக்கு வந்தவன் ஒரு வருஷம் கிடங்குக்கு வடக்கே ஒரு துண்டு நிலம் வாங்கித் தென்னங்கன்று ஊன்றிவிட்டுப் போனான். "நான் பென்சனாகி வரும்போது இது காய்க்கணும். இதுதான் நம்ம சோறு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வெள்ளத்தாய்க்கு அந்தக் கன்றுகள்தான் உலகம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கிளம்பிவிடுவாள். கிணற்றிலிருந்து குடம் குடமாக அவள் ஊற்றி வளர்த்த தோப்பு அது. ஏழாம் வருஷம் முதல் பாளை விட்டபோது தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

எண்பத்தொன்பதாம் வருஷப் பொங்கல். தங்கைக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, சேலை. எல்லா அண்ணன்களும் கொண்டுபோவது அதுதானே. உக்கிரபாண்டிக்கு அது போதவில்லை. பாளை விட்டிருக்கிற மரத்துக்கு இப்போது எரு போட்டால்தானே காய் பிடிக்கும் என்று யோசித்தார். யோசித்ததும் பண்டிகை லீவில் சும்மா நின்ற பேரூராட்சி டிராக்டர் கண்ணில் பட்டுவிட்டது. டிரைவர் சமுத்திரத்தைப் பிடித்தார்.

"ஏலே சமுத்திரம், ரெண்டே நடை. ஆபீசு பூட்டிக் கெடக்கு. யாரு கேக்கப் போறா?"

"மேஸ்திரி, ஈ.ஓ.வுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சிரும்."

"எந்தங்கச்சிக்குடா. வந்து ஓட்டு."

குழிகளைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு குழியில் மண்வெட்டியைப் போட்டதும் கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு உருண்டன. உக்கிரபாண்டி முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் குப்பையில் புழு நெளிந்தால் நன்றாகப் பழுத்துவிட்டது, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். இருக்கிற குழிகளிலேயே புழு அதிகமான குழியாகப் பார்த்துத் தங்கைக்கென்று பொறுக்கியெடுத்து ஏற்றினார். கடைக்குப் போனால் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்குவோமே, அந்த மாதிரி.

டிராக்டர் முன்னால் இரண்டு பக்கமும் கரும்பு கட்டி, டிரெய்லர் நிறையக் குப்பையோடு, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உக்கிரபாண்டி தெருவுக்குள் நுழைந்தார். தெருவே கூடிச் சிரித்தது. "யாத்தே! ஊரு உலகத்துல சீருக்குக் குப்பை கொண்டாந்த அண்ணன் இவருதான்" என்றாள் ஒருத்தி. வெள்ளத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஏண்ணே, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் மரத்த நெனச்சு வந்தியே, அது போதும்ணே" என்றாள்.

மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டிப் போட்டது போக மிச்சத்தைத் தோப்பு மூலையில் குவித்து, வைக்கோல் போட்டு மூடி வைத்தாள். அடுத்த ஈடு போடலாம் என்று.

ஆடி பிறந்தபோது முதல் மரத்தின் குருத்தோலை விரிந்தது. கத்தரிக்கோலால் யாரோ வெட்டி விளையாடிய மாதிரி இரண்டு பக்கமும் கோணல் மாணலாக இருந்தது. அடுத்து பக்கத்து மரம். அடுத்து அந்த வரிசை. குருத்தின் அடியில் ஓட்டை, ஓட்டையில் மென்று துப்பிய சக்கை. கொம்பு வண்டு. தலையில் ஒற்றைக் கொம்போடு கறுப்பாக, ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு இருக்கும். அது துளைத்த புண்ணில் செந்நிறக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். அதற்கப்புறம் மரம் தேறாது. மலைப் பக்கமிருந்து மேகாத்து அடித்த ஒருநாள் வெள்ளத்தாய் தோப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு மரத்தின் கொண்டை முறிந்து அவள் முன்னால் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உக்கிரபாண்டி விவசாய ஆபீசுக்கு ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பரிபூரணம் என்கிற வேளாண்மை அலுவலர் ஒரு மொபெட்டில் வந்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மரத்தை விட்டுவிட்டு நேரே மூலையில் இருந்த குவியலிடம் போய் மண்வெட்டி கேட்டாள். இரண்டு வெட்டு. புழுக்கள் உருண்டன. இன்னும் ஆழத்தில் மண்ணுருண்டை மாதிரி ஒன்றை எடுத்து விரலால் உடைத்தாள். உள்ளே கால் மடக்கிப் படுத்திருந்தது பாதி வெந்த நிறத்தில் ஒரு வண்டு.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. கொம்பு மொளைச்சிருக்கு. அந்தப் புழுதான் இது. இதுதான் மேல ஏறித் துளைக்குது."

உக்கிரபாண்டிக்குப் பொறுக்கிப் பொறுக்கி ஏற்றியது கண்முன்னால் வந்து நின்றது. தங்கையின் சோற்றில் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று நினைத்தபோது மனுஷன் மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

பரிபூரணம் குப்பையைக் கிளறினாள். சோடா பாட்டில் மூடி, உடைந்த வளையல், அறுந்த செருப்பு வார், பேட்டரிக்கட்டை. மாட்டுத் தொழுவத்துக் குப்பையில் இதெல்லாம் இருக்காது. எங்கிருந்து வந்த குப்பை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது வெள்ளத்தாய்க்கும் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள்.

"தாயி, உங்களக் கும்புடுதேன். வெளிய சொல்லிராதீய. டிராக்டர எடுத்தது தெரிஞ்சா எங்கண்ணன் வேலை போயிரும். மூணு பொட்டப்புள்ள வச்சிருக்கு."

"நான் பூச்சியப் பாக்க வந்தவக்கா. யாரு கொண்டாந்தாங்கன்னு பாக்குறது என் வேலை இல்ல" என்றாள் பரிபூரணம். இருக்கிற மரங்களைக் காப்பாற்ற வழி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் வெள்ளத்தாய் அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான். "பக்கத்துல ஒங்க கெடங்கு இருக்கு. அங்கருந்து பறந்து வந்துச்சு. அம்புட்டுதான். பட்டாளத்துலருந்து அவிய வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். தெருவுல யாரும் காட்டிக்குடுக்க மாட்டாவ. நீயும் வாயத் தொறக்கக் கூடாது."

அன்று முதல் உக்கிரபாண்டி விடிந்ததும் முதல் வேலையாகத் தங்கையின் தோப்பில் இருப்பார். மரம் ஏறி, வளைந்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுப்பார். குருத்தடியில் பாச்சை உருண்டை வைத்து மணலைப் போடுவார். ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துப் பானைகளில் ஊற்றித் தோப்பெங்கும் வைப்பார். வாசனைக்கு வந்து விழும் வண்டுகளை அள்ளிக் கொட்டுவார். குவியலைக் கிளறிப் போட்டுக் கோழிகளை விட்டார்கள். எவ்வளவு செய்தும் பாதித் தோப்புக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு மொட்டை மரத்தையும் கடக்கும்போது உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொள்வார். வெள்ளத்தாய் அதைப் பார்த்தும் பாராததுபோல், "காப்பி ஆறுதுண்ணே" என்பாள்.

முத்துவீரன் பென்சனாகி வந்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேரே தோப்புக்குத்தான் போனான். "கிடங்கு வண்டு" என்றாள் மனைவி. அவன் தரையைப் பார்த்தபடியே மரம் மரமாக நடந்தான். பிறகு, "சரி, இருக்கிறதப் பாப்போம்" என்றான். அதற்கு மேல் அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதற்குள் வண்டு மற்ற தோப்புகளிலும் தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது. பெரிய தோப்புக்காரர் சங்கரலிங்கம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஈ.ஓ. ஆபீசுக்குப் போனார். வெள்ளத்தாய் தோப்பைக் காட்டித்தான் பேச்சு. "கிடங்குப் பக்கத்துல இருந்த பாவத்துக்கு ஒரு பட்டாளத்துக்காரன் குடும்பம் தெருவுக்கு வந்துருச்சு சார். நாளைக்கு எங்களுக்கும் அதே கதிதான். கிடங்கைக் காலி பண்ணுங்க."

ஈ.ஓ. கெட்ட மனுஷரில்லை. உடனே காலி பண்ண ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். தோப்புக்காரர்கள் அவரவர் வண்டி கொண்டுவந்து குப்பையை இலவசமாக அள்ளிப் போகலாம்! கிடங்கும் காலி, தோப்புக்கும் எரு. கூட்டம் கைதட்டியது. சும்மா கிடைக்கிறது என்றால் யார் யோசிக்கிறார்கள்?

குறித்த நாளில் கிடங்கு வாசலில் மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நின்றன. சங்கரலிங்கத்தின் வண்டிதான் முதலில். பரிபூரணம் மொபெட்டில் அடித்துப் பிடித்து வந்து இறங்கினாள்.

"சார், இதுல புழு இருக்கு. இதத் தோப்புல கொண்டு போட்டா ஒவ்வொரு தோப்பும் ஒரு கிடங்காயிரும்."

"ஏம்மா, இத்தன வருஷமா கரும்புக்கும் நெல்லுக்கும் கொடுத்துட்டு இருக்கோம். ஒண்ணும் ஆகலையே" என்றார் ஈ.ஓ. "எந்தத் தென்னந்தோப்புல நம்ம குப்பையப் போட்டு என்ன ஆச்சு? ஒரு தோப்பக் காட்டுங்க, இப்பவே நிறுத்துறேன்."

சங்கரலிங்கம் சிரித்தார். "புழுவு இருக்குற குப்பைதான சார் நல்ல குப்பை? அந்தம்மா டவுனு."

பரிபூரணம் கூட்டத்தைப் பார்த்தாள். புருஷனோடு ஓரமாக நின்றிருந்த வெள்ளத்தாயின் மேல் அவள் கண் நின்றது. எல்லோர் கண்ணும் அங்கே திரும்பியது.

"அக்கா, உங்க தோப்புல குப்பை போட்டீங்களா?"

உக்கிரபாண்டி குழிமேட்டில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். சொல்லிவிடு தாயி என்று ஒரு மனசு, ஐயோ சொல்லிவிடாதே என்று ஒரு மனசு. மூன்று பெண்களில் மூத்தவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளத்தாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எங்க தோப்புல ஒரு கூடைக் குப்பை போடல. எல்லாம் பறந்து வந்த வண்டுதான்" என்றாள், கணீரென்று.

"அப்புறம் என்ன? அள்ளுங்கப்பா" என்றார் ஈ.ஓ.

முதல் வண்டியில் கூடை விழுந்தது. கூடையோரத்திலிருந்து புழுக்கள் உதிர்ந்து சக்கரத்தடியில் சுருண்டன. உக்கிரபாண்டி அதைப் பார்த்தார். தோப்பு தோப்பாகக் கொண்டை முறிந்து விழுவது அவருக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு, இழக்க வைத்தவனுக்காக ஊர்முன்னால் நெஞ்சறியப் பொய் சொல்லி நிற்கிற தங்கையும் தெரிந்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. மண்வெட்டியை வீசியெறிந்தார்.

"சார், எந்தங்கச்சி பொய் சொல்லுதா!"

கூடை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். பொங்கச் சீருன்னு நம்ம டிராக்டர்லயே ரெண்டு நடை அடிச்சேன். இருக்குறதுலயே புழுவு கூடுன குழியாப் பாத்து அள்ளுனேன். சமுத்திரம் மேல குத்தம் இல்ல, நான் சொல்லித்தான் ஓட்டுனான். வந்து பாருங்க எல்லாரும். இன்னும் மரத்தடியில சோடா மூடி கெடக்கும். அவ பொய் சொல்லுதா சார், எனக்காகச் சொல்லுதா."

எல்லோரும் தோப்புக்குப் போனார்கள். பாத்தியைத் தோண்டினார்கள். மூடியும் வளையலும் வந்தன, புழுவும் வந்தது. சங்கரலிங்கம் திரும்பிப் போய்த் தன் வண்டியைக் குடைசாய்த்துக் கொட்டினார். மற்ற வண்டிகளும் வெறும் வண்டிகளாகத் திரும்பின. அதன் பிறகு குழி குழியாகக் கிளறிப் புழுவைப் பொறுக்கி அழித்துத்தான் கிடங்கைக் காலி செய்தார்கள்.

தோப்பில் கூட்டம் கலைந்ததும் முத்துவீரன் மச்சானிடம் வந்தான். "எனக்கு வந்த அன்னிக்கே தெரியும் மச்சான். பட்டாளத்துல கண்ணிவெடி தேடுனவன் நான். சோடா மூடி கண்ணுல படாதா? அவ மறைக்கணும்னு நெனச்சா, நானும் விட்டுட்டேன்."

வெள்ளத்தாய் அப்படி விடவில்லை. அண்ணன் எதிரில் வந்து நின்றாள்.

"மரம் போனப்ப ஒரு வார்த்தை சொன்னேனா உன்னைய? எம் பொறந்தவீட்ட நான் விட்டுக்குடுக்கலண்ணே. நீ என்னைய ஊருமுன்னால பொய்க்காரின்னுட்ட. போ, எம் மூஞ்சியில முழிக்காத."

டிராக்டரை எடுத்ததற்காக உக்கிரபாண்டியை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போனதைவிடத் தங்கை பேசாததுதான் அவரை அரித்தது. விடிந்ததும் தோப்புக்குப் போவார். அவள் இருந்தால் வேலிக்கு வெளியிலேயே நிற்பார், இல்லாவிட்டால் உள்ளே போய் வண்டு பிடிப்பார். காப்பி மட்டும் வரவில்லை.

விசாரணை நாள் வந்தது. ஈ.ஓ. ஆபீஸில் முதலில் சமுத்திரம். "அந்தப் பொங்கலுக்கு வண்டி ரிப்பேருன்னு ஞாபகம் சார்" என்று மென்று விழுங்கினான். அடுத்து வெள்ளத்தாய். உக்கிரபாண்டி மேஜை ஓரமாகத் தலைகுனிந்து நின்றார்.

"சொல்லும்மா. டிராக்டர்ல உங்கண்ணன் குப்பை கொண்டுவந்தாரா?"

"வரல சார்."

"தோண்டிப் பாத்தோமேம்மா! சோடா மூடி எப்படி வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும். மேகாத்து அடிச்சா எங்க பக்கம் ஓடே பறக்கும் சார்."

"பேட்டரிக்கட்டையும் பறந்து வந்துச்சா?"

"அதுவுந்தான்."

கிளார்க் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். ஈ.ஓ. பேனாவை மூடி வைத்தார். "அப்ப உங்கண்ணன் அத்தன பேரு முன்னால சொன்னது?"

"எங்கண்ணன் சின்னதுலருந்தே அப்படித்தான் சார். வாயத் தொறந்தா பொய்" என்றாள் வெள்ளத்தாய், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல்.

பார்த்ததாகச் சாட்சி சொல்ல ஊரில் இன்னொருத்தரும் வரவில்லை. அன்று தெருவே கூடிச் சிரித்ததே, அதில் ஒருத்திக்குக்கூட ஞாபகம் இல்லையாம். ஈ.ஓ. கடைசியில் ஓர் இன்கிரிமெண்டை மட்டும் வெட்டி அவரை வேலைக்குத் திரும்ப எடுத்தார். தொண்ணூற்றெட்டில் ரிட்டயராகும்வரை உக்கிரபாண்டி அதே மேஸ்திரிதான்.

அன்று விசாரணை முடிந்து வெள்ளத்தாய் வராந்தாவுக்கு வந்தாள். உக்கிரபாண்டி பின்னாலேயே வந்து, நெருங்கப் பயந்து, தூணோரம் நின்றார். அவள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ரெண்டு பேருமே பொய்க்காரங்கதான? வா, வந்து சாப்புடு. கொழம்பு வச்சுட்டுத்தான் வந்தேன்."